ஆட்சேபணை இல்லை

பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி அண்ணன் வரைபடத்தை முழங்கால்மேல் விரித்துக்கொண்டார்.

எங்கள் கார் ஷெட்டுக்காக நான் வரைந்தது. கட்டட வரைபட மாலை வகுப்பில் சேர்ந்த இந்த ஐந்து மாதத்தில், வெளியாள் ஒருவர் கைக்குப் போகும் முதல் தாள்.

இடத்தை மூன்று முறை அளந்திருந்தேன். இரண்டு முறை ஒரே அளவு வந்தது. ஒரு முறை இரண்டு அங்குலம் குறைந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் நான்காவது முறையும் அளந்தேன்.

எங்கள் கார் ஷெட்டில் இரண்டு ஸ்கூட்டர்களும் அத்தா கடையின் எலாஸ்டிக் மூட்டைகளும்தான் இருக்கின்றன. கார் நுழைய வேண்டுமென்றால், ஷெட்டை அண்ணன் வீட்டு மதில்வரை தள்ளிக் கட்ட வேண்டும். மதிலை ஒட்டி இடம் விட வேண்டும் என்பது விதி.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால், விதிவிலக்கு கேட்டு மேலே எழுதலாம். அதுவும் நாளைக்குள். இல்லாவிட்டால் மனுவை மூடிவிடுவார்கள்.

ஷெட் இல்லையென்றால் கார் இல்லை. மண்ணரையில் எங்கள் சந்துக்குள் துணி ஏற்றிய வேன் ஒன்று வந்தாலே சைக்கிள்காரர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மறுப்பதற்கு அண்ணனுக்கு நியாயமான காரணம் இருந்தது. நாங்கள் கட்டினால் அவர் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு வெளிச்சம் பாதியாகிவிடும். அந்த ஜன்னலையும் நான் வரைபடத்தில் காட்டியிருந்தேன். காட்டாமல் விட்டிருக்கலாமோ என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பன்னிரண்டு மெஷின் போட்டு பனியன் தைப்பவர். ஆர்டர் குறைந்ததிலிருந்து மதியமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். அவருடைய போர்ட்டிகோவில் நானும் அத்தாவும் அவரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் கார் சர்வீசுக்கென்று போய் ஒரு மாதமாகிறது; அங்கே பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம்.

“ஏங்கண்ணு, எங்கூட்டு ஜன்னலைக்கூட உடாம போட்டிருக்கறயே. கம்பி எத்தனைன்னு எண்ணுனயா?”

“ஆறுங்கண்ணா.”

“ஏழு, ரைசா!” அடுப்படிக்குள்ளிருந்து அண்ணனின் மனைவி கமலாம்பாள் அக்காவின் குரல் வந்தது. “தொடைக்கறவ நானாக்கும்.”

அண்ணன் சிரித்தார். எனக்கு மொத்த வரைபடத்தின்மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

அவர் விரல், ஷெட்டுக்குள் புள்ளிக்கோட்டில் நான் போட்டிருந்த செவ்வகத்துக்கு வந்தது. அது கார் நிற்கும் இடம். பதினான்கு அடி ஆறு அங்குல நீளம். ஐந்தடி எட்டு அங்குல அகலம்.

அத்தா எனக்குக் கொடுத்தது அந்த இரண்டு அளவுகள் மட்டுமே. என்ன வண்டி என்று கேட்டால், “வரும்போது பாரு” என்பார். என்ன நிறம் என்றாலும் அதே பதில். மூன்று நாட்களாக வகுப்புக்குப் போகும் வழியில், சிக்னலில் நிற்கும் வண்டிகளையெல்லாம் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தேன்.

“என்ன வண்டிங்க பாய்?”

நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். அண்ணன் கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

“பழசுதானுங்க,” என்றார் அத்தா. “பல்லடத்துல ஒரு புரோக்கருங்க.”

தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ எடுத்துவந்த கமலாம்பாள் அக்கா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

அண்ணன் அந்தச் செவ்வகத்தின்மேல் விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நகர்த்தினார். ஜன்னல் இருந்த பக்கம் அவர் பார்வை திரும்பவேயில்லை.

“அளவு தப்புங்களாண்ணா?”

“இல்ல கண்ணு. செரியாத்தான் இருக்குது.”

என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார்.

அத்தா எழுந்துகொண்டார்.

வரைபடத்தை என் மடிப்பின்படியே மடித்து நீட்டும்போது, அண்ணன் அத்தாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அந்த வண்டிக்குப் பின்கதவு தூக்குனா நிக்காதுங்க பாய். தலைமேலயே எறங்கீரும். புள்ளைய ஒரு கையில கதவைப் புடிச்சுக்கச் சொல்லுங்க.”

“செரிங்க,” என்றார் அத்தா.