ஒரே குழியில் இருவர்

பிரான்சில் ஒரு மலையுச்சி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கோல் இனத்தவர் மதில் எழுப்பி வாழ்ந்த ஊர் அங்கே புதைந்து கிடந்தது. அகழாய்வுக்குச் சென்றிருந்த துஷாந்தினி, பதுளையிலிருந்த கணவன் அஜந்தனை அழைத்தாள்.

"இன்னைக்கும் அந்த லூக் பயலோடதான் வேலையா?" என்றான் எடுத்த எடுப்பிலேயே.

"ஆமாங்க. மதிலோரக் குழியில நாங்க ரெண்டு பேருந்தான்."

"மழைன்னு சொன்னியே?"

"தார்ப்பாய இழுத்து மூடிக்கிட்டு உள்ளேயே இருந்தோம்."

"இரு, நல்லா இரு. நான் இங்க பூனாகலை ஸ்கூல்ல பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் குடுத்துக்கிட்டுக் கெடக்கிறேன்."

"ஐயோ, பொறாமையப் பாரு!"

"பொறாமைதான். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இரக்கமும் வந்தது. மறுநாள் மாலை அவளே முந்திக்கொண்டு அழைத்தாள்.

"உங்களுக்காக ஒண்ணு செஞ்சிருக்கேன். கேட்டா குதிப்பீங்க. லூக்கை வேற குழிக்கு மாத்தச் சொன்னேன், மாத்திட்டாங்க."

"அப்ப அந்த மதில்?"

"இனிமே முழுக்க என் பொறுப்பு. ஆய்வறிக்கையிலயும் என் பேரு மட்டுந்தான் வரும். இப்பச் சந்தோஷமா?"



"அந்த அகழாய்வு வேலைக்கு உனக்குத் தெரியாம நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன், துஷா," என்றான் அஜந்தன். "லூக் இருந்த வரைக்கும், உனக்கும் பாதிப் பேருதானேன்னு மனசத் தேத்திக்கிட்டிருந்தேன்."