ஷூ காயும் நேரம்

பக்கெட்டில் நுரைக்கு நடுவே முங்கிக் கிடப்பது தன்னுடைய ஷூதான் என்று நம்ப எலக்ட்ரீஷியனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விடிந்தால் மாரத்தான்.

"அழுக்கா இருந்துச்சுப்பா, அதான் துவைச்சேன்" என்றாள் மகள். முழங்கை வரை சோப்பு நுரை.

சம்பந்தியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஓடப்போகிற மனுஷன் ஷூவை முந்தின நாள் யாராவது தண்ணீரில் போடுவார்களா, இந்தப் பெண்ணுக்கு எப்போதுதான் விவரம் வரும் என்று அலுத்துக்கொண்டார். மாப்பிள்ளைதான் சமாதானம் செய்தார். தெரியாமல் செய்துவிட்டாள், விடும்மா என்று சிரித்தார். தங்கமான பையன்.

எலக்ட்ரீஷியனும் சிரித்துவைத்தார். சம்பந்தி வீட்டில் வேறு என்னதான் செய்ய முடியும்?

உள்ளதைச் சொன்னால், அவருக்கு இந்த ஓட்டமே ஒரு சாக்கு.

வருஷக்கணக்காகக் காலையில் ஓடுகிறவர்தான். ஆனால் ஓடுவதற்காக டிக்கெட் எடுத்து இன்னொரு ஊருக்கு வருகிற ஆளில்லை. கொஞ்ச நாளாக மகள் போனில் "நல்லா இருக்கேன்பா" என்று சொல்கிற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. டீச்சர் முன்னால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. மேற்கொண்டு கேட்பதற்குள் யாராவது போனை வாங்கி அவரிடம் நலம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மனைவி இருந்திருந்தால் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பாள். இவருக்கு வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கத் தெரியும். அதோடு சரி.

நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அதற்காகக் கட்டிக்கொடுத்த பெண் வீட்டில் காரணமில்லாமல் போய் உட்கார முடியுமா? அந்த ஊரில் மாரத்தான் என்று கேள்விப்பட்டதும் யோசிக்காமல் பெயர் கொடுத்துவிட்டார்.

வந்து இறங்கியதிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்கு இடமே கிடைக்கவில்லை. பனியனில் குத்திக்கொள்ளும் எண்ணை வாங்கப் போனால் மாப்பிள்ளையே கார் ஓட்டினார், வரிசையில் கூடவே நின்றார், பையைக்கூடத் தூக்கவிடவில்லை. மகளையும் கூப்பிட்டுப் பார்த்தார். அவளுக்கு வீட்டில் வேலை இருக்கிறது மாமா என்று பதில் வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனால் அங்கே சம்பந்தியம்மா. பால்கனியில் போய் நின்றால் பின்னாலேயே மாப்பிள்ளை. உபசரித்தே ஒரு மனுஷனைக் கொல்வார்களா என்று நொந்துகொண்டார்.

நாளைக்கு ஓட்டம் முடிந்ததும் ரயில். அதற்குள் கேட்காவிட்டால் கேட்காததுதான்.

இப்போது இந்த ஷூ வேறு.

வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றவிட்டார்கள். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்தார்கள். ஃபேனுக்கு அடியில் வைத்தார்கள். பொழுது சாய்ந்த பிறகும் அழுத்தினால் தண்ணீர் வந்தது.

"காயலைன்னா விட்டுடுங்க சம்பந்தி, ஈர ஷூவோட ஓடி எதுக்குக் காலைப் புண்ணாக்கிக்கணும்?" என்றார் சம்பந்தியம்மா. எல்லோருமாக உட்கார்ந்து டிவியில் பார்த்தால் போயிற்று.

அப்போதுதான் மகள் தன் அறையில் ஹேர் டிரையர் இருப்பதைச் சொன்னாள்.

சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க ஒரே இரைச்சல். அந்தச் சத்தம் சம்பந்தியம்மாவுக்கு ஆகாதாம், தலைவலி வந்துவிடுமாம். அவரே கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்கு அந்த நேரம் பார்த்து ஏதோ போன் வந்திருந்தது.

அப்பாவும் பெண்ணும் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் ஷூவின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார். அவள் உள்ளே சூடான காற்றைக் காட்டினாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பள்ளிக்கூட நாளில் விடியற்காலையில் அவரோடு ஓடியவள் இவள். போட்டிக்கு முந்தின நாள் தன் ஷூவை அம்மா தொட்டால்கூட வீட்டை ரெண்டாக்குவாள். லேஸைக்கூட மாற்றவிட மாட்டாள்.

அவளா தெரியாமல் துவைப்பாள்?

அவர் அவள் காதோரம் குனிந்தார்.

"நல்லா இருக்கியாம்மா?"

அவள் ஷூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லப்பா. அவரு கை நீட்டறாரு."

காலையிலிருந்து அந்தக் கை தூக்கிக்கொண்டு வந்த பையை நினைத்தார். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. அவனைத் திட்டுகிறோமா, இத்தனை நாள் சும்மா இருந்த தன்னைத் திட்டிக்கொள்கிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

"காலைல நீங்க கிளம்பறப்போ வழியனுப்பற மாதிரி நானும் கீழ வந்துடறேன். அந்த நேரத்துக்கு யாரும் எழுந்துக்க மாட்டாங்க. என்னை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கப்பா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மகள் சட்டென்று டிரையரை நிறுத்தினாள்.

"என்ன மாமா, காஞ்சிடுச்சா?" மாப்பிள்ளையின் குரலில் அதே மரியாதை, அதே இனிமை.

எலக்ட்ரீஷியன் ஷூவை மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் கசிந்து வேட்டியில் இறங்கியது.

"நல்லாவே காஞ்சிடுச்சு மாப்பிள்ளை" என்றார்.