உடைந்த பக்கத்தின் நிறம்

சிவப்புப் புள்ளி வைத்த கான்கிரீட் கட்டி தொண்ணூற்றெட்டு டன்னில் உடைந்தது. கறுப்புப் புள்ளி வைத்தது நூற்றுப்பன்னிரண்டு வரை தாங்கியது.

சிவப்பு என்னுடையது.

இரும்பு உலையில் மிஞ்சும் கசடை மாவாக அரைத்து, சிமெண்டில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் சேர்த்தது. கறுப்பு, வெறும் சிமெண்ட் போட்டது. இரண்டு வகையிலும் மும்மூன்று கட்டிகளை ஒரே நாளில் வார்த்து, என் கையாலேயே புள்ளி வைத்து, ஐம்பத்தாறு நாள் பூட்டுப் போட்ட தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தேன்.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். கசடு தோற்றால் அந்தக் கலவையை மூட்டை கட்டிவிட்டு, மறுநாளிலிருந்து நான் வாசலில் லாரி எடை பார்க்கப் போக வேண்டும் என்று பேச்சு. பந்தயத்துக்குச் சரி என்றதும் நான்தான். வாய்க்கொழுப்பு.

ஏழாம் நாள் சோதனைக்கென்று தனியாக வார்த்த கட்டிகளில் கசடு பின்தங்கியது உண்மை. அதன் சுபாவம் அது. மெதுவாகத்தான் இறுகும், ஆனால் இறுகிக்கொண்டே போகும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. நம்பியவர் ஒரே ஒருவர். இதே லேபில் கட்டிகளை அழுத்தி உடைக்கும் மெஷினை ஓட்டும் என் வீட்டுக்காரர்.

"பயப்படாத. இன்னைக்கு நீதான் ஜெயிப்ப, எழுதி வச்சுக்கோ" என்றார் காலையில், வண்டியை உதைத்துக் கிளப்பியபடி.

அந்த ஒரு வார்த்தைக்காக வழி நெடுக அவர் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தேன்.

இப்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜர் பதிவேட்டில் முடிவை எழுதப் பேனாவைத் திறந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மெஷின் தட்டில் சிதறிக் கிடந்த துண்டுகளை அள்ளினேன்.

சிவப்புப் புள்ளித் துண்டை உள்பக்கம் திருப்பினேன். சாம்பல்.

கறுப்புப் புள்ளித் துண்டைத் திருப்பினேன். மயில்கழுத்து நிறம்.

கசடு போட்ட கான்கிரீட்டை உடைத்த சூட்டோடு பார்த்தால் உள்ளே இப்படித்தான் நீலமும் பச்சையுமாக இருக்கும். காற்றுப் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும். வெறும் சிமெண்டுக்கு இந்த நிறம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

"பேனாவ மூடுங்க சார். மிச்சத்தையும் உடைச்சுப் பாத்துட்டு எழுதலாம்."

மிச்சமிருந்த நான்கையும் நானே உடைத்தேன். என் வீட்டுக்காரருக்குக் கை ஓடவில்லை. ஒவ்வொன்றிலும் கறுப்புக்குள் நீலம், சிவப்புக்குள் சாம்பல். துண்டுகளை மேனேஜரின் டீ டம்ளரைச் சுற்றி அடுக்கி வைத்தேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கசடுதான் ஜெயித்தது என்று அவர் கையாலேயே எழுத வைத்து, தேதியும் போடச் சொன்னேன்.

"உனக்கு ஆகாதவன் எவனோ புள்ளிய மாத்தியிருக்காம்மா" என்றார், திடீரென்று என் மேல் கரிசனம் வந்தவராக. "யாருன்னு சொல்லு, இப்பவே வெளிய அனுப்புறேன்."

எனக்கு ஆகாதவனுக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. ஏழாம் நாள் முடிவைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பான். கசடு தோற்றே தீரும் என்று நினைத்து, நான் தலைகுனியக் கூடாதே என்று பதறியவர்தான் என் சிவப்பை எடுத்து வெறும் சிமெண்டுக்கு வைத்திருக்க முடியும்.

காலையில் அவ்வளவு அடித்துச் சொன்னாரே.

"யாரையும் அனுப்ப வேணாம் சார். கட்டி ஊறப் போடுற தொட்டிச் சாவி மட்டும் இனிமே எங்கிட்ட இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரருக்கு முன்னால் கையை நீட்டினேன்.