கிழிக்காத தாள்

சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. தாளின் அடியில் அச்சாகியிருக்கும் பொன்மொழியைக் காலையில் எட்டிப் படித்து, அன்று முழுவதும் அதன்படியே நடக்கும். ‘உயரத்தை எட்டிப் பிடி’ என்றிருந்த அன்று, ஓடுகிற மின்விசிறியில் தாவி வாலைப் பறிகொடுத்தது. அப்போதும் நம்பிக்கை குறையவில்லை.

ஒருநாள், ‘இன்று பொறுத்திரு, நாளை உனதே’ என்று வந்தது. அன்று காலையே வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டார்கள். தாளைக் கிழிக்க ஆளில்லை.

பல்லி பொறுத்திருந்தது. கொழுத்த கரப்பான்பூச்சி ஒன்று தினமும் அதன் மூக்குக்கு நேரே உலாத்தியது.

“என்னண்ணே, இன்னைக்காவது சாப்பிட்டீங்களா?”

“நாளைக்குடா தம்பி.” பல்லியின் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

“நேத்தும் இதத்தானே சொன்னீங்க!”

“நேத்தும் இதே தாள்தானேடா இருந்துச்சு!”

கரப்பான் விழுந்து விழுந்து சிரித்தது. பொழுது போகாமல், பல்லியிடமே எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்றுக்கொண்டது.

ஊரிலிருந்து வந்ததும் வீட்டுக்கார அம்மா தாள்களைக் கொத்தாகக் கிழித்துப் போட்டாள். புதுத் தாளில், ‘பகைவனைக் கண்டு ஓடாதே, நிமிர்ந்து நில்’ என்றிருந்தது.

ஒருவழியாக நாளை வந்துவிட்டதென்று பல்லி திரும்பியது. கரப்பானுக்கு ஓட நேரமிருந்தது. ஆனால் அதுவும் படித்துவிட்டது. மீசையை முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

“இவ்வளவு சீக்கிரம் பலன் தந்த பொன்மொழியை நான் பார்த்ததே இல்லை” என்று ஏப்பம் விட்டது பல்லி.