முத்தாயிக்கு ஒரு ஓட்டு

"ஏனுங்கக்கா, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், எனக்கு மட்டும் ஓட்டுப் போட்டுப்போடாதீங்க."

முத்தாயி இப்படிக் கெஞ்சியதும், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த லூர்துசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். ஏற்காடு பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கேப்டன். எலெக்சனில் ஓட்டுக் கேட்டுக் கும்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று கும்பிடுகிறவளை இப்போதுதான் பார்க்கிறாள்.

வருடக் கடைசியில் அணியின் சிறந்த ஆட்டக்காரியைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பதினான்கு பெண்களேதான். பயிற்சியாளரான, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மனுவேலுக்குக்கூட ஓட்டு கிடையாது. சீட்டைப் பிரித்து மைக்கில் வாசிப்பதோடு அவர் வேலை முடிந்தது. தன் பெயரைத் தானே எழுதக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

அந்த 1986ஆம் வருடம் அணி போட்ட முப்பத்தொரு கோலில் பத்தொன்பது முத்தாயி போட்டவை. கோப்பை யாருக்கு என்பதில் ஒருத்திக்கும் சந்தேகமில்லை.

கோப்பையில்தான் வினையே இருந்தது. ஜெயித்தவளின் படம் மறுநாள் சேலம் பேப்பரில் வரும். போன வருடம் சின்னத்தாயி படம் வந்தது. அரை டிராயரோடு நிற்கும் தங்கையை டீக்கடைப் பேப்பரில் பார்த்த அண்ணன்காரன் நேராக வீட்டுக்குப் போனான். அன்றோடு அவளுக்கு ஆட்டம் முடிந்தது. அடுத்த மாதம் கல்யாணமும் முடிந்தது.

முத்தாயி பந்து ஆடுவது அவள் வீட்டில் தெரியாது. வாழவந்தியில் அப்பா வெள்ளையனும் அவளும் மட்டும்தான். ஞாயிறுதோறும் ஏற்காட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவாள். முட்டி தேய்ந்து வந்தால் வெள்ளையன் மஞ்சள் அரைத்துப் போடுவாரே தவிர, தையல் கிளாஸில் முட்டி எப்படித் தேயும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கொஞ்ச நாளாக ஞாயிறு காலையில் இரண்டு முட்டை வேறு அவித்துக் கொடுக்கிறார், கிளாஸுக்குப் போகிற பிள்ளை தெம்பாக இருக்க வேண்டுமாம். அப்படி ஒரு வெள்ளந்தி மனிதரை ஏமாற்றுகிறோமே என்று அவள் மனசு உறுத்தியதுண்டு.

இப்போது தலைச்சோலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வேறு வந்து நிற்கிறான். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் அந்த மலையில் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அப்புறம் யாரும் பேச்சு மாறுவதில்லை. அப்பா என்னவோ பிடி கொடுக்காமல், பொறுங்கள் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தார். பேப்பரில் படம் வந்தால் அந்த இழுவையும் நின்றுவிடும்.

"கோப்பை வேண்டாங்கக்கா. ஆட்டம் இருந்தாப் போதும்" என்றாள் முத்தாயி. கண்ணில் நீர் கட்டியிருந்தது.

லூர்துசெல்வி மாதா மேல் சத்தியம் செய்தாள். மற்றவர்கள் மனசில்லாமல் மலைச்சாமி சேர்வராயன் மேல் சத்தியம் செய்தார்கள். சேர்வராயன் பெயரைச் சொல்லிவிட்டு மீறுகிற துணிச்சல் அந்த மலையில் யாருக்கும் கிடையாது.

அன்றைய ஆட்டத்தில் முத்தாயி இரண்டு கோல் போட்டாள். ஆட்டம் முடிந்து சீட்டெல்லாம் பிஸ்கட் டப்பாவில் விழுந்தது. மனுவேல் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். கோல்கீப்பர் தேவகுமாரிக்குப் பத்து, லூர்துசெல்விக்கு நாலு. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"முத்தாயிக்கு ஒண்ணு கூட இல்லீங்களா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

மைதானம் முழுக்க அது கேட்டது. பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தேவகுமாரி கோப்பையை வாங்கும்போது தேம்பித் தேம்பி அழுதாள். பாவம், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கூட்டம் கை தட்டியது. முத்தாயியும் தட்டினாள். நெஞ்சுக்குள் என்னவோ வலித்தது, ஆனாலும் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

தாவணிக்கு மாறி, கூட்டம் கலைந்த பிறகு வெளியே வந்தவள் சட்டென்று நின்றாள். கேட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையன் நின்றிருந்தார்.

"அப்பா, நீங்க எங்கீங்க இங்க?"

அவர் திட்டவில்லை. அவள் முட்டிப் பக்கம்தான் பார்வை போனது. அடிகிடி பட்டுச்சா என்று கேட்டார். இல்லை என்று அவள் தலையாட்டியதும், தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு மாசமா அந்த சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால நின்னு பாக்கறேன் கண்ணு. எனக்குப் பந்தாட்டம் தெரியாது. என் கண்ணுக்கு நீ நொம்ப நல்லா ஆடற மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா பெத்தவன் கண்ணு என்ன கண்ணு, அதுக்குத் தெரியறதெல்லாம் அழகுதான். கூட ஆடறவங்களுக்குத்தானே உண்மை தெரியும்."

வெள்ளையன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாப்ள ஊட்டுக்காரங்கள பஸ் ஸ்டாண்டுல உக்கார வெச்சுட்டுத்தான் வந்தேன். அந்தப் புள்ளைங்கள்ல ஒருத்தியாச்சும் உம் பேரச் சொன்னா, எம் புள்ள ஆடட்டும், கல்யாணம் வேண்டாம்னு அனுப்பிப்போடலாம்னு இருந்தேன்."

"அப்பா, அது வந்துங்க..."

"ஒண்ணு கூட உழுகலையே சாமி" என்றார் வெள்ளையன், அவள் தலையைத் தடவியபடி. "இப்பத்தான் போயி வெத்தல பாக்கு மாத்திட்டு வந்தேன்."