முறைத் தண்ணி

"டர்ன்!"

தியாகேசன் சார் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். "எங்க, ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்லுங்க பாப்போம்."

குடவாசல் பக்கம் சாரின் டியூஷனுக்குத் தனிப் பேர். இங்கிலீஷே வராத பிள்ளையும் அவர் வாசலை மிதித்தால் தேறிவிடும். சொல்வது வேறு யாருமில்லை, சாரேதான்.

"திரும்புறது சார்."

"அது ஊருக்கே தெரியும். அடுத்து?"

"ஃபேனை நிறுத்துறது சார். டர்ன் ஆஃப்."

"சபாஷ்! பால் திரிஞ்சாலும் டர்ன்தான். வயசு நாப்பது ஆனாலும் டர்ன்தான். வெள்ளைக்காரன் சரியான கஞ்சன்டா, ஒத்த வார்த்தைய வெச்சே குடும்பம் நடத்திடுவான்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆர்த்தி எழுந்தாள். "வாய்க்கால்ல நம்ம முறை வருதே, அது சார்?"

"அதுவும் டர்ன்தான். இன்னைக்கு என் டர்ன். பொழுது சாயுற வரைக்கும் தண்ணி எனக்குத்தான்!"

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள் எல்லையம்மாள். சாரின் வயலுக்கு அடுத்த வயல் அவளுடையது. முகம் வாடிக் கிடந்தது.

"சார், என் நடவு வெடிச்சுக் கெடக்கு. வெள்ளிக்கெழமதான் என் முறை. அதுவரைக்கும் பயிர் தாங்காது. கொஞ்ச நேரம் என் பக்கம் தண்ணி விட்டீங்கன்னா பொழச்சுக்கும்."

"போன வாரம் உங்க முறை வந்துச்சுல்ல?"

"வந்துச்சு சார்."

"அப்ப அந்தத் தண்ணிய என்ன பண்ணுனீங்க?"

எல்லையம்மாள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"பாத்தீங்களா பசங்களா? தன் டர்ன்ல கோட்டை விட்டுட்டு அடுத்தவன் டர்னுக்கு வந்து நிக்கக் கூடாது. போன வாரம் என் முறையப்ப நான் வேளாங்கண்ணியில இருந்தேன். என் வயலுக்குத் தண்ணி திருப்பி விடச் சொல்லி மேல வயல் லியாகத் பாய்கிட்ட முன்னாடியே சொல்லிட்டுப் போனேன். பயிர் இப்ப எப்படி நிக்குது! ஏற்பாடுன்னா அதான்." அவள் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. முறைன்னா முறை."

"சரிங்க சார்." அவள் போய்விட்டாள்.

டியூஷன் முடிந்ததும் சார் வயலுக்குப் போனார். பச்சைப் பசேலென்று நின்ற பயிரைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. வரப்பில் லியாகத் அலி எதிரே வந்தார்.

"பாய், போன வாரம் பண்ணுன உதவிய மறக்க மாட்டேன்."

லியாகத் அலி தலையைச் சொறிந்தார். "அத ஏன் கேக்குறீங்க சார். அன்னைக்கு வீட்ல உடம்பு முடியாம ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். உங்க முறை வீணாத்தான் போச்சு."

"பின்ன எனக்கு ஏது தண்ணி?"

"எல்லையம்மா அக்கா சொல்லலையா? அதோட முறைத் தண்ணி மொத்தத்தையும் உங்க வயலுக்குத் திருப்பி விட்டுருச்சே! 'உன் பயிர் என்னக்கா ஆவும்?'னு சத்தம் போட்டேன். 'சார் ஊர்லேருந்து வந்ததும் அவர் முறையில எனக்குக் கொஞ்சம் விடாமலா போயிடுவாரு?'ன்னு சொல்லுச்சு."