நாற்பது பாகம் ஆழம்

மீன்வள சர்வே படகு கடலில் நீளத்தூண்டில் போட்ட இடங்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைப்பதுதான் விஜயத்தின் வேலை. அன்றைக்குப் பதினேழாவது புள்ளி கடலை விட்டுக் கரையில் விழுந்தது. மூன்று தரம் அளந்தாள். ஊருக்குள்ளே ஸ்ரீவராகத்தில், அவள் குடியிருக்கும் தெருவிலேயே விழுந்தது.

படகில் குறிப்பெழுதும் தளவாயைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னப்பா, எங்காத்து முற்றத்துலயா தூண்டில் போட்டே?"

"கேலி பண்ணாதீங்கக்கா. கயித்த ரெண்டு கையும் விரிச்சு விரிச்சு அளந்து ஆழங்கூட எழுதியிருக்கேன்லா, நாப்பது பாகம். தண்ணிக்குக் கீழ ஓட்டுக் கூரையா தெரிஞ்சுது, கேட்டோ."

"கூரையா? சரி, என்ன மீன் கிடைச்சுது? அந்தக் கட்டம் காலியா இருக்கே?"

"இன்னும் இழுக்கலக்கா. கயிறு அங்கதான் கெடக்கு. சாயங்காலம் போய் இழுப்போம். அதுக்குள்ள ஏதாவது கடிச்சிராதா?"

விஜயத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டில் நாலு வயது பாமா தூங்கி எழுந்திருக்கும் நேரம். அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டு ஓடினாள்.

முற்றத்தில் சாயங்கால வெயில். மேகமே இல்லாத ஆகாயத்திலிருந்து ஒரு கயிறு நேராக இறங்கியிருந்தது. அதன் நுனிக் கொக்கியில் இரையாகக் கோத்த ஒரு மத்தி, ஈரம் காயாமல் பளபளத்தது.

பாமா அதை எட்டிப் பிடித்திருந்தாள்.

"அம்மா, மேலேருந்து யாரோ மெதுவா இழுக்கறா," என்றாள்.